கலிலொம்பேயின் கட்டம்

வெஸி கொந்த்வே முதலில் வேலைக்குச் சேர்ந்தது லிம்பேயில், புகையிலை ஏலம் நடக்கும் கூடத்தில், தட்டச்சு செய்வதற்கு. ஏலக்காரர் பாட்டுப் பாடுவதுபோல் விலை சொல்லிக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவே நடப்பார். வாங்குகிறவர்கள் பின்னாலேயே போவார்கள். அந்தத் தூசியில் சில பருவங்கள் இருந்தாள். மூத்த மகள் வயிற்றில் இருந்தபோது பிடித்த இருமல் பிறந்த பிறகும் போகவில்லை. வேலையை விட்டாள். தேவாலயக் கூடத்தில் மாலை வகுப்பு நடத்திய ஒருவரிடம் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். வகுப்பில் அவள்தான் வயதில் மூத்தவள், ஆசிரியரைவிடவும் மூத்தவள். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. பிளாண்டயரில் இரும்புக் கடை மாடியில் யோத்தாமு என்பவர் நடத்தும் சிறிய கம்பெனியில் இருக்கிறாள்.

அந்தக் கம்பெனி விற்பது ஒரு வரைபடக் கருவி. ஒரு அலுவலகத்தில் எந்த வேலை யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதைக் கட்டங்களும் அம்புகளுமாகத் திரையில் வரையலாம். சுவரில் மாட்டுவதற்காக அல்ல. அம்பு எங்கே போகிறதோ, மனுவும் அங்கே போய் நிற்கும். கருவியின் அடிப்படையை எங்கேயோ யாரோ எழுதி இலவசமாக விட்டிருந்தார்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் வேண்டியபடி அதில் பொத்தான்களைச் சேர்ப்பதும் எடுப்பதும் வெஸியின் வேலை. ஒரு கட்டத்தைத் தொட்டால் அதன் ஓரத்தில் சின்னச் சின்னப் படங்கள் முளைக்கும்: அம்பு இழுக்க ஒன்று, வகை மாற்ற ஒன்று, அழிக்க ஒரு குப்பைத்தொட்டி. இன்னும் என்னென்ன முளைக்கலாம், எது முளைக்கக் கூடாது என்று முடிவு செய்து எழுதுகிறவள் அவள்.

ஸோம்பாவில் உள்ள ஒரு மருந்துக் கிடங்கு அவளுடைய முதல் தனி வாடிக்கையாளர். சுற்றுவட்டார மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து அனுப்புகிற இடம். அவர்களுக்காக அவள் செய்த முதல் பொத்தான், கட்டத்துக்குள் ஆளின் பெயரையும் போட்டோவையும் வைப்பது. "ஒப்புதல்" என்று மொட்டையாக எழுதினால் கிடங்கில் யாருக்கும் அது யாரென்று புரியவில்லை. "பம்போ கலிலொம்பே", அதாவது கலிலொம்பே ஐயா, என்று பெயர் போட்டு, டை கட்டிய போட்டோவை வைத்ததும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கலிலொம்பே கிடங்கின் தலைவர். மருந்து கேட்டு வரும் எந்த மனுவும் அவர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தப் பொத்தானில் வெஸிக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

மழைக்காலத்தில் கலிலொம்பே இறந்துபோனார். குளிர்காலம் வந்தபோது, மனுக்கள் தேங்குகின்றன என்று கிடங்கிலிருந்து புகார் வந்தது. வெஸி தன் திரையில் பார்த்தாள். எல்லா அம்பும் இன்னும் கலிலொம்பேயின் கட்டத்துக்கே போய்க்கொண்டிருந்தது. புதுத் தலைவர் சிங்கானோவுக்கு ஒரு கட்டம் போட்டிருந்தார்கள், ஓரமாக. அதற்குச் சுற்றிவளைத்து ஒரு அம்பு. வரவேற்பறையில் நிற்கிற விருந்தாளிபோல அது நின்றது.

கிடங்கு எழுத்தர் லிம்பானியைப் போனில் கூப்பிட்டாள்.

"லிம்பானி, நல்லா இருக்கியா?"

"நான் நல்லா இருக்கேன் அக்கா, நீங்க எப்படி இருக்கீங்களோ?"

"நானும் நல்லா இருக்கேன். அந்தப் பழைய கட்டத்தை ஏன் இன்னும் எடுக்கலை?"

"எந்தக் கட்டம்?"

"கலிலொம்பே ஐயாவோடது."

"ஆமாமா. எடுக்கணும்."

"எப்ப?"

"எடுத்துடலாம் அக்கா. ஹலோ? சரியாக் கேக்கலையே. மழை பெய்யுது இங்க."

பிளாண்டயரிலும் தூறிக்கொண்டுதான் இருந்தது, அந்த ஊரில் ஜூலைக் குளிரோடு வருகிற சிப்பெரோனித் தூறல். அதற்கெல்லாம் போன் அறுந்துபோகாது.

குப்பைத்தொட்டி படம் ரொம்பச் சின்னதாக இருக்கிறதோ, கண்ணுக்குப் படவில்லையோ என்று நினைத்தாள். பெரிதாக்கிச் சிவப்பு வண்ணமும் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கட்டம் அப்படியே இருந்தது. யோத்தாமுவிடம் சொன்னாள்.

"ஒரு கட்டம்தானே?" என்றார் அவர். "ஆளே இல்லை. நீயே இங்கேர்ந்து அழிச்சுவிட்டுட்டு வேற வேலையப் பாரு."

அழித்தாள். ஒரே சொடுக்கு. கட்டத்தோடு அதைத் தொட்டுக்கொண்டிருந்த அம்புகளும் போய்விட்டன. கருவியின் இயல்பு அது. நாளைக்குக் கிடங்குக்காரர்கள் சிங்கானோவின் கட்டத்துக்கு அம்பு இழுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டு சாப்பிடப் போனாள்.

மறுநாள் காலை சிங்கானோவே கூப்பிட்டார். அவள் எப்படி இருக்கிறாள், பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், பிளாண்டயரில் குளிர் எப்படி என்று முறைப்படி எல்லாம் கேட்டு முடித்தார். பிறகு சொன்னார்.

"நேத்து எங்க ஆபீசுக்குள்ள யாரோ புகுந்திருக்காங்க அம்மா."

"அய்யோ. எதாவது திருடு போச்சா ஐயா?"

"எங்க பழைய ஐயா போயிட்டாரு."

வெஸி கிடங்கின் வரைபடத்தைத் திறந்தாள்.

"காலையில சாவி வெச்சிருக்கற மாயி எஸ்தெரி வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாங்க. அவர் இருந்த இடத்துல வெறும் வெள்ளை. அந்தம்மா நாற்காலிய விட்டு எறங்கித் தரையில உக்காந்துட்டாங்க. மத்த பொம்பளைங்களும் போய்க் கூட உக்காந்துட்டாங்க. வேலை நடக்கலை. யார் செஞ்சதுன்னு பாத்தா, கீழே உங்க பேரு இருக்கு."

"ஐயா, மனுவெல்லாம் தேங்குதுன்னுதான்..."

"அது சரி. நாங்க எல்லாரும் பேசிட்டோம். இந்த மாசக் கடைசியோட நிறுத்திக்கறோம். பழையபடி காகிதத்துலயே எழுதிக்கறோம். காகிதத்துல இருக்கற ஆளை வெளியூர்லேர்ந்து யாரும் வந்து எடுக்க முடியாது பாருங்க."

யோத்தாமு எல்லாவற்றையும் கேட்டார். "அவங்க போயிட்டா அந்த மேசைக்கு வேலை இல்ல, வெஸி" என்றார். அந்த மேசை வெஸியினுடையது.

"நீங்கதானே அழிக்கச் சொன்னீங்க?"

"சொன்னேன். பேரு உன்னோடது விழுந்திருக்கு. என்ன பண்ணச் சொல்றே?"

அவர் கெட்டவர் அல்ல. அந்த மேசைக்குச் சம்பளம் கொடுக்கக் கம்பெனியில் வேறு வரும்படி இல்லை, அவ்வளவுதான். வீட்டில் கணவன் கும்போ ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவன். குளிர்காலத்தில் யாருடைய ஃப்ரிட்ஜும் கெட்டுப்போவதில்லை. கெட்டாலும் அக்டோபர் வெயில் வரும்வரை யாருக்கும் தெரிவதில்லை. அந்த மாதங்களில் வெஸியின் சம்பளத்தில்தான் மாவு வாங்குவது.

"நேர்ல போய்ப் பாரேன்" என்றான் கும்போ, பச்சைத் துவரையை உரித்துக்கொண்டே. "போன்ல மன்னிப்புக் கேட்டா அது கடன் கேக்கற மாதிரி இருக்கும்."

போனாள். மினிபஸ்ஸில் சர்க்கரைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிடங்கில் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே மாயி எஸ்தெரி இருந்தாள். மாயி என்றால் அம்மா; கிடங்கின் சாவி முழுக்க அவளிடம்தான். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி. வெஸி முழங்காலை மடக்கி வணங்கி, பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். மாயி எஸ்தெரி அதை வாங்கவில்லை.

"நீதானா அது?"

"நான்தான் மாயி."

"பேரைப் பாத்ததும் வடக்குப் பொண்ணுன்னு தெரிஞ்சுது. உங்க பக்கம் செத்தவங்களைக் குப்பைத்தொட்டியிலதான் போடுவாங்க போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

லிம்பானி கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"அப்படியில்ல மாயி. வெறும் கட்டம்னு நெனச்சுட்டேன்."

"வெறும் கட்டமா? அதுல போட்டோ ஒட்டச் சொல்லிக் கொடுத்தது யாரு?"

சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். அவள் திரையில் அந்தக் கட்டத்துக்கு ஒரு எண் இருந்தது, போட்டோவும் இருந்தது. அவள் எண்ணைத்தான் பார்ப்பது வழக்கம்.

மாயி எஸ்தெரி பொட்டலத்தை வாங்கிப் பக்கத்திலிருந்த பெட்டிமேல் வைத்தாள். "உக்காரு" என்றாள்.

உட்கார்ந்ததும் லிம்பானி பேச ஆரம்பித்துவிட்டான். "எங்களுக்கும் தெரியும் அக்கா, மனுவெல்லாம் அங்க போய் நிக்குதுன்னு. மலை ஆஸ்பத்திரிக்கு சலைன் பாட்டில் கேட்டு வந்தது நின்னுபோச்சு. அப்புறம் நான்தான் கையில எழுதிக்கிட்டு ஓடினேன். சிங்கானோ ஐயா, அதை அழிச்சிடுங்கப்பான்னார். நீங்களே அழிங்க ஐயான்னோம். எனக்குக் கண்ணு வலிக்குதுன்னுட்டார்."

"நீ அழிக்கலாமே?"

"நானா! எனக்கு இங்க வேலை போட்டுக் கொடுத்தது யாரு? அவர் வீட்டுல எத்தனை தடவை சாப்பிட்டிருக்கேன்! கீழே பேரு வேற விழுது: 'லிம்பானி அழித்தார்'னு. அவங்க வீட்டுக்காரம்மா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" குரலைத் தாழ்த்தினான். "ஒரு சாவுன்னா குழி வெட்ட அட்சுகுலு இருக்காங்க. சொந்தக்காரங்க மண்வெட்டியத் தொடுவாங்களா? இந்த ஆபீசுல எல்லாருமே அவருக்குச் சொந்தம் மாதிரிதான். யாரு அட்சுகுலுவா வர்றது? வெளி ஆளு நீங்க வந்து செஞ்சீங்க. ஆனா சொல்லாமச் செஞ்சுட்டீங்க."

"அப்ப அவர் அங்கேயே இருக்கட்டும்னு சொல்றீங்களா மாயி?"

"நான் எப்பச் சொன்னேன் அப்படி?" என்றாள் மாயி எஸ்தெரி. "போகணும். போக வேண்டியவர் போகத்தான் வேணும். தூக்கி எறியறதுக்குப் பேரு போறதா?"

பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. மக்காச்சோளக் களியான சீமாவும் கீரையும் வந்தது. சாப்பிட்டார்கள். யாருடைய மகளுக்குக் கல்யாணம், மாவு என்ன விலை விற்கிறது என்று பேச்சு போனது. மாதக் கடைசியில் நிறுத்துகிற முடிவு அப்படியே இருந்தது. அதை மாற்றிக்கொள்வதாக யாரும் சொல்லவில்லை.

அவள் கிளம்பியபோது மாயி எஸ்தெரி துணியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கூடவே எழுந்தாள். லிம்பானி வெஸியின் பையைத் தூக்கிக்கொண்டான். சந்தையைத் தாண்டி, கொய்யாப்பழக்காரிகளைத் தாண்டி, ஓடைப்பாலம் வரை மூவரும் நடந்தார்கள். எந்த வீட்டிலும் நடப்பதுதான். விருந்தாளியை வாசலோடு விடுவதில்லை, ஊர்போய்ச் சேரும்வரை கூடப் போவதுமில்லை. பாலத்தில் பையை அவள் கையில் கொடுத்து, இன்னும் ரெண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

மினிபஸ் ஆள் நிறையும்வரை கிளம்பவில்லை. வெஸி ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். அவர்கள் தன்மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்கள். அப்படியும் பாதிவழி வந்தார்கள். தன் கருவியில் அதற்கு ஒரு பொத்தான் இல்லை. அழிக்க மட்டும்தான் இருக்கிறது. நடத்துநர் கோழியோடு ஒரு பெண்மணியை அவள்மேல் சாய்த்து ஏற்றினான். வெஸி பர்ஸிலிருந்து பேனாவை எடுத்துக் புறங்கையில் இரண்டு பாதங்கள் வரைந்துகொண்டாள்.

அடுத்த நாள் ஆரம்பித்தாள். முகம் உள்ள கட்டங்களிலிருந்து குப்பைத்தொட்டியை எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் இரண்டு பாதச்சுவடுகள். அதைத் தொட்டால் கருவி முதலில் ஒரு கேள்வி கேட்கும்: இவர் இடத்தில் யார்? அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆளைத் தேர்ந்தெடுத்ததும், பழையவரிடம் வந்த அம்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் புதியவரைப் பிடித்துக்கொள்ளும். கடைசி அம்பும் திரும்பிய பிறகுதான் பழையவர் கட்டம் நகரும். மெதுவாகப் போய் வரைபடத்தின் வலது ஓரத்தில் நிற்கும், போட்டோவோடு, பெயரோடு, எந்த அம்பும் இல்லாமல்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. வரைபடத்தின் பழைய நகல் ஒன்றில் முதல் தடவை செய்து பார்த்துவிட்டு, தவறிவிட்டால் என்ன ஆகும் என்று, அந்த நேரத்தில் செய்ததை மட்டும் திருப்பும் 'முன்பிருந்தபடி' பொத்தானை அழுத்தினாள். கலிலொம்பே திரும்பி வந்தார், அம்புகள் வரவில்லை. இன்னொரு தடவை அழுத்தியதும் ஒரு அம்பு மட்டும் வந்தது. ஒரே மனு இரண்டு பேரிடமும் போய் நின்றது. எல்லா அசைவையும் ஒரே கட்டாகக் கட்டி, போனால் எல்லாம் போக, வந்தால் எல்லாம் வர என்று ஆக்குவதற்குள் அந்த வாரம் போய்விட்டது.

யோத்தாமு பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"ஒருத்தரை எடுக்க இத்தனை வேலையா? ஒரு சொடுக்கு இருந்துச்சே."

"அந்த ஒரு சொடுக்காலதான் இப்ப இங்க நிக்கறோம்."

"அதுக்காக இப்படியா ஊர்ந்து போகணும்? கம்ப்யூட்டர் மெதுவாயிடுச்சும்பாங்க."

"சொல்ல மாட்டாங்க."

"கீழே பேரு ஏன் விழலை?"

"விழுது. 'கிடங்கு அலுவலகம் வழியனுப்பியது'ன்னு விழுது பாருங்க."

"தணிக்கைக்காரன் வந்து, எந்த அலுவலகம், யாரு அழுத்தினதுன்னு கேப்பான்."

"உள்ளே இருக்கு. கேட்டா நான் எடுத்துக் காட்டறேன். எல்லார் கண்ணுக்கும் ஒரு பேரு தெரிய வேண்டாம்."

யோத்தாமு தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். அந்தப் பழைய நகலிலிருந்து கலிலொம்பேயின் கட்டத்தையும் அம்புகளையும் வெஸி இருந்த இடத்தில் திரும்ப வைத்தாள். கிடங்குக்குப் போன் செய்து, வைத்துவிட்டேன் என்று இந்தத் தடவை சொல்லிவிட்டாள்.

மறுபடி ஸோம்பாவுக்குப் போனபோது கிடங்கில் எல்லோரும் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள், பெட்டி கட்டுகிற பெண்கள்கூட. சிங்கானோ ஜன்னல் பக்கம் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெஸி பாதச்சுவடுகளைக் காட்டி, இதை அழுத்தினால் என்ன நடக்கும் என்று சொன்னாள். நகர்ந்து இடம் விட்டாள். யாரும் உட்காரவில்லை.

"லிம்பானி" என்றார் சிங்கானோ.

"ஐயா, என் கையெல்லாம் மை."

"எந்தக் காலத்துலடா உன் கையில மை இல்லாம இருந்தது?"

மாயி எஸ்தெரி சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மௌஸைப் பிடிக்கத் தெரியாமல் இல்லை, மெதுவாகப் பிடித்தாள். பாதச்சுவடுகளைத் தொட்டாள். 'இவர் இடத்தில் யார்?' என்று திரை கேட்டது. அவள் திரும்பி சிங்கானோவைப் பார்த்தாள், துணி வாங்கும்போது பார்ப்பதுபோல.

"இவர்தான், வேற யாரு?" என்று சொல்லி அவர் பெயரைத் தொட்டாள்.

அம்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பின்வரிசையில் ஒரு பெண் துதிப்பாட்டு ஒன்றை முணுமுணுக்க ஆரம்பித்தாள், இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். "வேலை நேரம்" என்றார் சிங்கானோ, ஆனால் சத்தமாகச் சொல்லவில்லை. கலிலொம்பேயின் கட்டம் நகர்ந்து ஓரத்துக்குப் போய் நின்றது.

"டை கட்டினா நல்லாத்தான் இருக்காரு" என்றாள் மாயி எஸ்தெரி. எழுந்து சாவியை எடுத்துக்கொண்டு கிடங்குக்குள் போய்விட்டாள்.

அதே நேரம் சிங்கானோவின் கம்ப்யூட்டர் சத்தம் போட ஆரம்பித்தது. மழைக்காலத்திலிருந்து நின்ற மனுக்கள் எல்லாம் அவரிடம் வந்து விழுந்துகொண்டிருந்தன. கையால் எழுதி அனுப்பி முடித்தவை எவை, இன்னும் அனுப்ப வேண்டியவை எவை என்று அவரும் லிம்பானியும் உட்கார்ந்து பிரிக்கத் தொடங்கினார்கள். "இத்தனையா!" என்றார். "இதுக்குத்தான் ஐயா அன்னிக்கே சொன்னேன்" என்றான் லிம்பானி. "நீ எப்படா சொன்னே?" என்றார் அவர்.

வெஸி கிளம்பும்போது கேட்டாள். "காகித விஷயம் ஐயா?"

"மாசம் முடியட்டும், பாப்போம்" என்றார், தலையைத் தூக்காமல்.

மாதத்தின் மிச்ச நாட்களில் வெஸி இன்னொரு வாடிக்கையாளரான ஒரு பண்ணைக்காரருக்கு வண்ணங்கள் மாற்றிக் கொடுத்தாள். இடையிடையே கிடங்கின் வரைபடத்தைத் திறந்து பார்ப்பாள். மனுக்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் நிறுத்தப்போகிறவர்களும் கடைசி நாள் வரை உபயோகிப்பார்கள். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கும்போ ஒருநாள், மார்க்கெட்டில் பழைய துணிக்கடை போடலாம், அதற்குக் குளிர்காலம் நல்லது என்றான். அவள் ஏலக்கூடத்துத் தூசியை நினைத்துக்கொண்டாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மாதம் முடிகிற சமயத்தில் சிங்கானோ கூப்பிட்டார். பிள்ளைகள், குளிர், கணவன் எல்லாம் கேட்டார். வெஸி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஒரு விஷயம் கேக்கணும் அம்மா. நான் உயிரோடதான் இருக்கேனா?"

"ஐயா?"

"மங்கோச்சியில தங்கச்சி மகன் கல்யாணம். லீவு போட்டுட்டுப் போனேன். இன்னிக்குத் திரும்பி வந்து பாத்தா, என்னை ஓரத்துல கொண்டுபோய் நிறுத்தி வெச்சிருக்காங்க. கலிலொம்பே ஐயா பக்கத்துல! என் இடத்துல லிம்பானி போட்டோ!"

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. லிம்பானியின் குரல்: "ஊருக்குப் போறவரை வழியனுப்பறதுதானே ஐயா முறை?"

"கேக்குதா? இதான் இங்க நிலைமை. எந்தப் பக்கம் தொட்டாலும் எனக்கு மனு வர மாட்டேங்குது. எல்லாம் இந்தப் பயல்கிட்டப் போகுது. இவன் பாட்டுக்கு ஒப்புதல் போட்டுத் தள்றான். போனவர் திரும்பி வர்றதுக்கு ஒரு பொத்தான் வேணும், அம்மா. சீக்கிரம் வேணும்."

வெஸி நாற்காலியின் கையை விட்டாள். "அடுத்த மாசத்துலேர்ந்து காகிதம்னு சொன்னீங்களே ஐயா."

"காகிதமா?" என்றார் சிங்கானோ, யாரோ அந்நியரைப் பற்றிக் கேட்டதுபோல. "காகிதத்துல எழுத ஆரம்பிச்சா இவனுங்க என்னை எங்க கொண்டுபோய் வெப்பாங்களோ! அதெல்லாம் இல்ல. நீங்க பொத்தானைப் போடுங்க. அடுத்த வருஷத்துக்கான பேச்சை யோத்தாமுகிட்ட நான் பேசிக்கறேன்."

வெஸி இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, திரையில் கிடங்கின் வரைபடத்தைத் திறந்தாள். வலது ஓரத்தில் இரண்டு பேர் அருகருகே நின்றார்கள். ஒருவர் டையோடு, ஒருவர் கண்ணாடியோடு.

"போட்டுடறேன் ஐயா. ஒரே ஒரு சிக்கல். எல்லாருக்கும் அந்தப் பொத்தான் வெச்சா, யாராவது தவறிப்போய்க் கலிலொம்பே ஐயாவையும் திரும்பக் கூப்பிட்டுடுவாங்க. மறுபடி மனுவெல்லாம் அவர்கிட்டப் போய் நின்னுடும். யாருக்கு வெக்கணும், யாருக்கு வெக்கக் கூடாதுன்னு கருவிக்குத் தெரியாது. யாராவது ஒருத்தர் சொல்லணும்."

மறுமுனையில் போனைக் கையால் மூடிக்கொண்டு யாரிடமோ கேட்டது தெரிந்தது. பிறகு மாயி எஸ்தெரியின் குரல் வந்தது.

"யாரு திரும்பி வரலாம்ங்கறதை நான் சொல்றேன். இந்த ஆளுக்கு இப்ப அவசரமில்ல. லிம்பானி இன்னும் ரெண்டு நாள் பாக்கட்டும்."

வெஸி, சரி மாயி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். யோத்தாமுவின் அறைக்குப் போய், வேலை புதிதாக ஒன்று வந்திருக்கிறது, ரெண்டு நாளில் முடித்தால் போதும் என்றாள்.